கப்பலில் ஃபார்மல் நைட்: பிள்ளைகளுக்கு என்ன உடுத்துவது?

#1 மூணுவால்

சிங்கப்பூர் மெரினா பேயிலிருந்து கிளம்பும் ராயல் கரீபியன் கப்பல். 4 இரவு, பினாங்கு, புக்கெட். கப்பல் கம்பெனி ஆப்பில் ஒரு ராத்திரிக்கு 'டிரெஸ் யுவர் பெஸ்ட்'னு போட்டிருக்கு, அதாவது அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு நல்லா உடுத்தி வரணுமாம். பிள்ளைகள் மூணு: 11 வயசுப் பெண், 6 வயசுப் பையன், ரெண்டரை வயசுப் பெண் (இன்னும் டயப்பர்). சென்னையிலிருந்து விமானத்தில் வந்து ஏறுறோம், பெட்டியில் இடம் கம்மி.

கேள்விகள்: பையனுக்குக் கோட்டு கட்டாயமா? பெண்ணுக்குப் பட்டுப்பாவாடை போட்டால் உள்ளே விடுவாங்களா? கசங்கின துணியை அங்கே தேய்க்க வழி உண்டா? சின்னதை என்ன பண்றது?

#2 நங்கூரம்

முன்னாடி 'ஃபார்மல்'னு எழுதியிருந்ததைத்தான் இப்போ ராயல் கரீபியன் 'டிரெஸ் யுவர் பெஸ்ட்'னு மாத்தியிருக்கு. பேர் மாறினதோட கெடுபிடியும் குறைஞ்சிருக்கு. பெரியவங்களுக்கே டக்ஸிடோ (போ டையோட போடுற விருந்துக் கோட்டு சூட்) கட்டாயம் இல்லை, காலர் சட்டையும் நல்ல பேண்ட்டும் போதும். பிரதான உணவுக்கூடத்தில் அவங்க வேண்டாம்ங்கிறது வெறுங்கால், நீச்சல் உடை, கையில்லாத பனியன், தொப்பி மாதிரியானவை. அப்படி எதுவும் இல்லாத பிள்ளையை யாரும் வாசலில் நிறுத்தப் போறதில்லை.

உடுத்த மனசில்லைன்னா அன்னைக்கு மட்டும் மேல் தளத்து பஃபேயில் சாப்பிட்டுக்கலாம். அங்கே இந்த உடைக் கணக்கு கிடையாது. இதை முதல்லயே தெரிஞ்சுக்கிட்டா பாதி டென்ஷன் போயிடும்.

கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. அடுத்த பயணத்துக்கும் பயன்படும், குறிச்சு வைங்க. கார்னிவலில் 'க்ரூஸ் எலிகன்ட்': 5 நாள் வரைக்கும் ஒரு ராத்திரி, 6 நாளும் அதுக்கு மேலயும்னா ரெண்டு. அன்னைக்கு அரைக்கால் சட்டை, டி-ஷர்ட், ஜீன்ஸ் கூடாதுன்னு எழுதியே வச்சிருக்காங்க. செலிப்ரிட்டியில் 'ஈவ்னிங் சிக்', 7 இரவுக்கு ரெண்டு தடவை. டிஸ்னியின் 7 இரவுப் பயணத்தில் பொதுவா ஒண்ணு ஃபார்மல், ஒண்ணு அதைவிடக் கொஞ்சம் இறங்கினது, ஒண்ணு கடற்கொள்ளையர் வேஷம். அங்கே இளவரசி வேஷத்தில் சாப்பிட வர்ற பிள்ளைகள் ஏராளம், அதுவே ஃபார்மல்தான். நார்வீஜியனில் கட்டாயமே இல்லை.

நீண்ட பயணத்தில் இந்த ராத்திரி பெரும்பாலும் எந்தத் துறைமுகத்திலும் நிக்காம கடலிலேயே போற நாளில் வரும். 4 இரவுப் பயணத்தில் அப்படி நாள் அதிகம் இல்லாததால துறைமுகத்தில் இறங்கிச் சுத்தின நாளிலேயே வந்து விழலாம். அப்படின்னா பிள்ளைகள் வெயிலில் காய்ஞ்சு, களைச்சுப் போய்த்தான் உடுத்துவாங்க. துணியைத் தேர்ந்தெடுக்கிறப்போ இதைத்தான் முதல்ல யோசிக்கணும், போட்டோவை இல்லை.

#3 ஊசிநூல்

6 வயசுப் பையனுக்குக் கோட்டு வேண்டாம், வெயிஸ்ட்கோட்டு எடுங்க. காரணம் இருக்கு. பிள்ளைகளுக்கு விற்கிற மலிவான கோட்டில் தோளுக்குள்ள பஞ்சுப் பட்டையும், மார்புப் பக்கம் ஒட்டுற கேன்வாஸும் இருக்கும். பெட்டியில் மடிச்சா அந்த இடத்தில் அழுத்தமா மடிப்பு விழும், சுலபத்தில் போகாது. கோட்டுக் கை நீளமா இருந்தா சூப்புத் தட்டில் தோயும். கடைசியில் பையன் அஞ்சாவது நிமிஷம் கழற்றி நாற்காலியில் போடுவான், பரிமாறுறவங்க காலில் சிக்கும். வெயிஸ்ட்கோட்டுக்கு கை இல்லை, சுருட்டி வைக்கலாம், கழற்றச் சொல்லிக் கேட்கவும் மாட்டான்.

கோட்டுதான் வேணும்னா நெய்த துணி வேண்டாம், பின்னல் துணியில் தைச்சதை வாங்குங்க. டி-ஷர்ட் துணி மாதிரி இழுபடும், உள்ளே பட்டை இருக்காது.

சட்டை: முழுக்கை, வெள்ளையோ வெளிர்நீலமோ. காலர் பட்டனைப் போட்டுட்டு கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் உங்க ரெண்டு விரல் தளர்வா நுழையணும். ஒரு விரல்தான் நுழையுதுன்னா அடுத்த அளவு. மேல் பட்டன் இறுக்கம்னு சொல்லி அழற பிள்ளைகள்தான் அதிகம், டை காரணம் இல்லை.

டை: கழுத்தைச் சுத்திக் கட்டுற டை இந்த வயசுக்கு ஆகாது. காலரில் மாட்டுற கிளிப் டை வாங்குங்க. எங்கேயாவது மாட்டி இழுத்தா கையோட வந்திடும், கழுத்தை இறுக்காது. நீளம் பார்க்க, காலர் பட்டனிலிருந்து பேண்ட் பட்டன் வரைக்கும் டேப் வச்சு அளந்துக்குங்க. அதுக்குக் கீழே போனா சாப்பிடும்போது மடியில் விழும். வண்ணத்துப்பூச்சி மாதிரி கழுத்தோட நிக்கிற போ டை இன்னும் நல்லது, குழம்பில் தோயாது.

பேண்ட்: இடுப்புப் பட்டிக்குள்ள ஓட்டை ஓட்டையா எலாஸ்டிக்கும் பட்டனும் வச்சது. அது இருந்தா ஒரு வருஷம் கூட ஓடும். நீளத்தை வெட்டாதீங்க. உள்பக்கமா 5 செ.மீ. மடிச்சு, கையால் நெருக்கம் இல்லாம நூலோட்டம் போடுங்க. வெளியே தெரியாத மாதிரி ஒவ்வொரு தையலுக்கும் மேல் துணியில் ஒரே ஒரு இழையைக் குத்தினா போதும். அடுத்த வருஷம் நூலை இழுத்தா நீளம் திரும்பி வந்திடும்.

சஸ்பெண்டர் போடுறதா இருந்தா முதுகில் 'ஒய்' மாதிரி சேர்றது. 'எக்ஸ்' வடிவம் சின்னத் தோளிலிருந்து நழுவும். பாத்ரூம் போகும்போது பையனே கழற்றுவானான்னு வீட்டிலேயே ஒரு தடவை பார்த்துடுங்க. கிளிப்பை விரலால் அமுக்குறதுக்கு 6 வயசுக்கு வலு பத்தாது. அவசரத்தில் என்ன நடக்கும்னு சொல்ல வேண்டாம்.

#4 தேம்ஸ்கரை

நங்கூரம் சொன்ன பட்டியலில குனார்ட் எண்ட கப்பல் கம்பனி விடுபட்டுப் போச்சு. இங்கிலாந்தில சவுத்தாம்ப்டனில இருந்து வெளிக்கிடுற ஆக்களுக்காக எழுதுறன்.

அவையின்ர குயின் மேரி 2 மாதிரிக் கப்பலில கதை வேற. பின்னேரம் 6 மணிக்குப் பிறகு எல்லா நாளுமே கொஞ்சம் வடிவா உடுத்தவேணும். அதுக்கு மேல 'காலா ஈவினிங்' எண்டு 7 இரவுக்கு வழமையா ரெண்டு வரும். ஆம்பிளையளுக்கு டக்ஸிடோ அல்லது கடும்நிற சூட்டும் டையும். கறுப்பும் வெள்ளையும், முகமூடி, சிவப்பும் பொன்னிறமும் எண்டு ஒவ்வொரு இரவுக்கும் ஒரு கருவும் வைப்பினம். கருவைப் பின்பற்றவேணும் எண்டு கட்டாயம் இல்லை.

பெடியனுக்கு ஒரு கடும்நீலக் காற்சட்டை, வெள்ளைச் சேட்டு, ஒரு போ டை எடுத்தால் ரெண்டு இரவும் சமாளிக்கலாம். அதே வெள்ளைச் சேட்டுக்குச் சிவப்பு வெயிஸ்ட்கோட் போட்டால் சிவப்பு-பொன் இரவு முடிஞ்சுது. முகமூடி வாங்கினால் கையால பிடிக்கிற குச்சி முகமூடி வேண்டாம், கண்ணில குத்தும். காதுக்குப் பின்னால எலாஸ்டிக் போகிற மெல்லிய துணி முகமூடி எடுங்கோ. படம் எடுத்த கையோட கழட்டிப் பையுக்குள்ள வையுங்கோ, கண் ஓரம் மறைஞ்சால் பிள்ளை படியில தடக்குப்படும்.

தமிழ் ஆக்களுக்கு ஒரு நல்ல விசயம்: எந்த நாட்டுத் தேசிய உடுப்பையும் குனார்ட் ஃபார்மல் உடுப்பாகவே கணக்கில எடுக்கும். ஸ்கொட்லாந்துக்காரர் கில்ட் எண்ட கட்டம்போட்ட பாவாடையைக் கட்டிக்கொண்டு வருவினம். வேட்டி சால்வையோட போனால் ஒருத்தரும் ஒண்டும் கேட்கமாட்டினம்.

ஒரு எதிர்க்கருத்து: ஊசிநூல், 8, 9 வயசுக்கு மேல கோட்டு வேண்டாம் எண்டு சொல்லாதேங்கோ. அந்த வயசில சில பெடியள் அப்பாவைப் போல உடுத்த ஆசைப்படுவினம். பள்ளிக்கூடக் கோட்டு இருந்தால் சின்னத்தைத் தையல் பிரிச்சுப்போட்டு அதையே போடலாம்.

#5 ஊசிநூல்

தேம்ஸ்கரை, ஆசைப்பட்டா போடட்டும், அதில் மறுப்பில்லை. நான் சொன்னது 6 வயசுக்கு. பள்ளிக் கோட்டுச் சின்னத்தைப் பிரிக்கிறதில் ஒரு சிக்கல்: துணி வெளுத்திருந்தா சின்னம் இருந்த இடம் மட்டும் பளிச்சுன்னு தெரியும். அந்த இடத்தை மறைக்கிற மாதிரி மார்புப் பையில் ஒரு கைக்குட்டையை மடிச்சுச் செருகுங்க, ஆச்சு.

#6 தேக்காக்காரி

பட்டுப்பாவாடை தாராளமாப் போடலாம். சிங்கப்பூர்க் கப்பலில் ஏறுறவங்களில் நம்மாளுங்க நிறைய, யாரும் வேடிக்கை பார்க்கப் போறதில்லை. ஆனா எந்தப் பாவாடைங்கிறதுதான் விஷயம்.

நாடா வச்ச பாவாடை வேண்டவே வேண்டாம். கப்பல் லேசா ஆடும், பிள்ளை ஓடும், பாவாடை இறங்கும், இறங்கினா காலில் மிதிபடும். மேலே பாடி வச்சுத் தைச்ச பாவாடையா இருக்கணும். கனம் முழுக்கத் தோளில் தொங்கும், இடுப்பில் இறுக்கம் இல்லை, வயிறு நிறையச் சாப்பிட்டாலும் பிள்ளை நெளியாது. பாடி காட்டனில் இருக்கட்டும்.

உயரம்: செருப்போட நிக்க வச்சு, தரையிலிருந்து 5 செ.மீ. மேலே நிக்கணும். கல்யாணத்துக்குப் போடுற மாதிரி தரையைத் தொடக்கூடாது. கப்பலில் படிக்கட்டு ஏராளம், சாப்பாட்டு நேரத்துக்கு லிஃப்ட் கிடைக்காது. நீளம் கூடுதலா இருந்தா அடியில் மடிக்காதீங்க, ஜரிகைக் கரை உள்ளே போயிடும். கரைக்கு மேலே டக் (துணியை மடிச்சு அப்படியே தைக்கிற மடிப்பு) பிடிங்க. 2.5 செ.மீ. அகலத்தில் ஒரு டக் பிடிச்சா 5 செ.மீ. நீளம் குறையும். மிஷினில் பெரிய தையலா ஓட்டினா பிரிக்கச் சுலபம், பட்டில் ஓட்டையும் கம்மியா விழும்.

சட்டைக்குப் பின்னால் கொக்கி இருந்தா ஆடுற கேபினில் நின்னு மாட்டுறது கஷ்டம். பக்கவாட்டில் ஜிப் இருக்கட்டும். ஜரிகை கையைச் சொறியும், அக்குள் பக்கம் காட்டன் லைனிங் இருக்கான்னு விரலை விட்டுப் பாருங்க.

கொலுசு, நெத்திச்சுட்டி, ஒட்டியாணம் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு தோடு, ஒரு வளையல் போதும். பூவுக்குத் துணிப்பூச் சரம். வாடாது, பெட்டியில் நசுங்காது.

#7 ஊசிநூல்

ஒரு விஷயத்தில் தேக்காக்காரி அக்காவோட ஒத்துப்போக முடியலை. நிஜப் பட்டைக் கப்பலுக்குக் கொண்டு போகாதீங்க. ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலே பட்டில் வட்டமாத் தடம் விழும். பாலியஸ்டரில் நெய்த ஆர்ட் சில்க் எடுங்க, போட்டோவில் வித்தியாசமே தெரியாது, அதிகம் கசங்காது, கை பேசினில் அலசிக்கலாம்.

#8 தேக்காக்காரி

ஆர்ட் சில்க் வேர்க்கும் தம்பி, புக்கெட் வெயிலில் சுத்திட்டு வந்த பிள்ளைக்கு ரெண்டு மணி நேரம் அது பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்ட மாதிரிதான். கூடத்துக்குள்ள ஏசி சில்லுன்னு இருக்கும்னாலும் வெளியே தளத்தில் போட்டோவுக்கு நிக்கும்போது தெரியும். நடுவழி ஒண்ணு சொல்றேன்: ஜரிகைக் கரை வச்ச காட்டன்-பட்டுக் கலப்பு. செட்டிநாட்டுக் கட்டம் போட்ட காட்டன் பாவாடையும் அழகாத்தான் இருக்கும், ஆனா கசங்கும். அதைக் கொண்டு போறவங்க தேய்க்கிற ஏற்பாட்டைப் பார்த்துக்கணும்.

ஏசின்னு சொன்னேனே, பாவாடைச் சட்டை கை குட்டையா இருந்தா மேலே போட ஒரு மெல்லிய ஷ்ரக் (முன்பக்கம் திறந்த மேல்சட்டை) எடுத்துக்குங்க. உணவுக்கூடத்தில் பிள்ளைகள் சாப்பிடாம சுருண்டு உக்காருறதுக்குக் குளிர் ஒரு பெரிய காரணம்.

#9 மூணுவால்

தேய்க்கிற ஏற்பாடுன்னா என்ன? சின்ன டிராவல் அயர்ன் எடுத்துட்டுப் போலாமா?

#10 நங்கூரம்

கூடாது. அயர்ன் பாக்ஸ், ஆவி விடுற ஸ்டீமர் ரெண்டுமே தீ அபாயம்னு தடை. ஏறும்போது பெட்டியை ஸ்கேன் பண்ணி எடுத்து வச்சுக்குவாங்க, இறங்கும்போதுதான் திரும்பக் கிடைக்கும். அந்தப் பெட்டி கேபினுக்கு வரவும் தாமதமாகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் இதே கதைதான். முடி சுருட்டுற, நேராக்குற கருவிக்குத் தடையில்லை.

கார்னிவல், பிரின்சஸ், டிஸ்னி, குனார்ட் கப்பல்களில் பயணிகளே துவைச்சுத் தேய்ச்சுக்கிற அறை உண்டு. ராயல் கரீபியனில் கிடையாது. அதனால உங்களுக்கு வழி மூணு.

ஒண்ணு, கேபின் பணியாளர்கிட்ட தேய்க்கக் கொடுக்கிறது. அலமாரியில் ஒரு பையும் விலைச்சீட்டும் இருக்கும், உருப்படிக்கு இவ்வளவுன்னு கணக்கு. ஃபார்மல் நைட் அன்னைக்குக் காலையில் கொடுக்காதீங்க, ஊரே அப்போதான் கொடுக்கும். ஏறின அன்னைக்கே கொடுத்துடுங்க.

ரெண்டு, குளியலறை ஆவி. துணியை ஹேங்கரில் மாட்டி, கதவை மூடி, கொதிக்கிற சூட்டில் ஷவரை 10 நிமிஷம் திறந்து விடுங்க. ஈரம் ஏறினதும் கையால் மேலிருந்து கீழே நீவி, வெளியே எடுத்து அரை மணி தொங்க விடணும். இதை ஆர்ட் சில்க், பாலியஸ்டர், பின்னல் துணிக்குச் செய்யலாம். நிஜப் பட்டுக்கு வேண்டாம், கப்பல் குளியலறை சின்னது, தண்ணி தெறிக்கும்.

மூணு, ஸ்ப்ரே. 250 மில்லி தண்ணியில் ஒரு டீஸ்பூன் துணி மென்மையாக்கி கலந்து ஸ்ப்ரே பாட்டிலில். காட்டனில் லேசா அடிச்சு, இழுத்து நீவினா முக்கால்வாசிச் சுருக்கம் போயிடும். அதுக்கு மேல அடிச்சா கறை மாதிரி நிக்கும்.

மாட்டுறதுக்கு: கேபின் சுவரெல்லாம் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி நாலு கொண்டு போனா பிள்ளைகள் உடுப்பைச் சுவரிலேயே மாட்டிடலாம். 5 பேர் உள்ள கேபினில் அலமாரி பத்தவே பத்தாது. பிள்ளைகள் அளவு ஹேங்கர் நாலும் வேணும். பெரியவங்க ஹேங்கரில் குட்டிச் சட்டையை மாட்டினா தோளில் ரெண்டு கொம்பு முளைச்ச மாதிரி புடைச்சுக்கும்.

பிளக் பத்தி: கேபினில் பொதுவா அமெரிக்கத் தட்டைக்காலும் ஐரோப்பிய உருண்டைக்காலும்தான். சிங்கப்பூர் மூணு கால் பிளக் நுழையாது, அடாப்டர் வேணும்.

#11 சின்னக்குடை

மடிக்கிற முறையும் சேர்த்துக்குங்க. பிள்ளைக்கு ஒரு பை: உடுப்பு, உள்ளாடை, சாக்ஸ், கிளிப், டை எல்லாம் அதுக்குள்ளேயே. பாவாடையை நாலா மடிக்காம, நீளவாக்கில் ஒரு தடவை மடிச்சு, நடுவில் மெல்லிய காகிதம் வச்சுச் சுருட்டணும். ஜரிகை வெளிப்பக்கம் இருந்தா ஒடியும், உள்பக்கம் திருப்பிச் சுருட்டுங்க.

ஏறுற அன்னைக்குப் பெரிய பெட்டியைத் துறைமுகத்தில் வாங்கிட்டு சாயங்காலம்தான் கேபின் வாசலில் வைப்பாங்க. உங்க ஃபார்மல் நைட் முதல் ராத்திரியா இருந்தா இந்தப் பைகள் கைப்பெட்டியில் இருக்கணும். ஆப்பில் தேதியைப் பார்த்துட்டுப் பெட்டி கட்டுங்க.

இப்போ ரெண்டரை வயசுக்கு வரேன், யாருமே அதைத் தொடலை. டயப்பர் போடுற பிள்ளைக்கு உடுப்பு அழகு ரெண்டாவது, கால் நடுவில் திறக்குமா என்பது முதல்ல. தலைவழியாப் போட்டு முழுசாக் கழற்ற வேண்டிய கவுன், ஜம்ப்சூட் எதுவும் வேண்டாம். முழங்கால் அளவு காட்டன் கவுன், உள்ளே டயப்பரை மூடுற ப்ளூமர். நெட் பாவாடை அழகுதான், ஆனா குழந்தை நாற்காலியில் கால் நடுவில் ஒரு பெல்ட் வரும். கவுனைத் தூக்கித்தான் அதைப் போட முடியும். தூக்கின நெட் முகம் வரைக்கும் எழும்பி நிக்கும், தொடையைச் சொறியும். நெட் கவுன்தான்னா உள்ளே முழுக்கக் காட்டன் லைனிங், ரெண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம். உங்க கன்னத்தில் வச்சுத் தேய்ச்சுப் பாருங்க, உங்களுக்குக் குத்தினா அவளுக்கும் குத்தும்.

அந்த வயசுப் பையன் வச்சிருக்கிறவங்களுக்கு: கால் நடுவில் பட்டன் வர்ற பாடிசூட் சட்டை கிடைக்குது, காலர், பட்டன் எல்லாம் சட்டை மாதிரியே. தூக்கினாலும் சட்டை பேண்ட்டை விட்டு வெளியே வராது. டை, மணி, தொங்கட்டான் எதுவும் 3 வயசுக்குக் கீழே கூடாது, பிய்ச்சு வாயில் போடும். தலையில் இறுக்கமான பட்டையும் வேண்டாம்.

உடுத்துறதுக்கு முன்னாடியே அவளுக்குச் சோறு ஊட்டிடுங்க. உணவுக்கூடத்தில் மூணு சுற்றுச் சாப்பாடு, ஒண்ணரை மணி நேரம் போகும். அங்கே அவளுக்கு ஒரு ரொட்டித்துண்டும் ஐஸ்க்ரீமும் போதும்.

#12 மூணுவால்

நன்றி, சின்னக்குடை. எங்க நேரம் ராத்திரி 8 மணிச் சாப்பாடு. மாத்திக்கலாமா?

#13 நங்கூரம்

மாத்துங்க. முதல் பந்தி 5.30, 6 மணி வாக்கில், ரெண்டாவது 8 வாக்கில் இருக்கும். முன்பதிவிலேயே கேட்கலாம், இல்லைன்னா ஏறின அன்னைக்கு மதியமே உணவுக்கூட வாசலில் தலைமைப் பணியாளரைப் பார்த்துக் கேளுங்க, வரிசை நீளுறதுக்குள்ள. உங்க மூணுக்கும் 8 மணி சரிப்படாது.

#14 சின்னக்குடை

6 மணிப் பந்தின்னா நேரக்கணக்கு இப்படி வரும். 3.30க்கு நீச்சல் குளத்திலிருந்து கரையேறணும். அங்கேதான் எல்லாரும் தவறவிடுறாங்க, இன்னும் பத்து நிமிஷம்னு சொல்லிச் சொல்லி 4.30 ஆயிடும். குளோரின் தண்ணி முடியில் இருந்தா சீப்பு இறங்காது, ஷாம்பு போட்டே ஆகணும். கேபின் ஹேர்டிரையருக்கு வேகம் கம்மி, நீள முடிக்கு 20 நிமிஷம் வைங்க. 4 மணிக்குச் சின்னதுக்குச் சோறு, பெரிசுகளுக்குப் பழமோ பிஸ்கட்டோ. 4.45க்குப் பெரிய பெண் முதல்ல உடுத்தட்டும், அடுத்து பையன், கடைசியில் சின்னது. சின்னதை முதல்ல உடுத்தினா மத்தவங்க தயாராகிறதுக்குள்ள அது அழுக்காயிருக்கும். பையனுக்கு வெள்ளைச் சட்டை கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடிதான்.

5.20க்குப் போட்டோ. பந்திக்குப் பத்து நிமிஷம் முன்னாடி போனா வரிசை படிக்கட்டு வரைக்கும் நிக்கும். கப்பல் போட்டோக்காரர்கிட்ட நின்னு எடுக்கக் காசில்லை, படத்தை வாங்கினாத்தான். எத்தனை பின்னணித் திரை இருந்தாலும் ஒண்ணோட முடிச்சுக்குங்க, பிள்ளைகள் சிரிப்பு ஒரு திரைக்குத்தான் தாங்கும்.

வெயிலில் தோள் சிவந்திருந்தா அன்னைக்கு ஜரிகை, நெட் எதுவும் மேலே பட விடாதீங்க. குளத்தில் முழுக்கை நீச்சல் சட்டை போட்டுவிட்டா இந்தத் தொல்லையே இல்லை.

#15 பாய்மரம்

11 வயசுப் பெண்ணை மறந்துட்டீங்க எல்லாரும்! அவளுக்குப் பாவாடை சட்டைன்னா சின்னப்பிள்ளை உடுப்புன்னு முகம் சுருங்கலாம். ரெண்டு உடுப்பை எடுத்துக் காட்டி அவளையே தேர்ந்தெடுக்க விடுங்க. அனார்கலி நல்ல தேர்வு: நீளக் கை, உள்ளே லெக்கிங்ஸ், குளிரும் தாங்கும், உக்காரும்போது இழுத்து விட வேண்டியதில்லை. துப்பட்டாவைக் கேபினிலேயே விட்டுடுங்க, லிஃப்ட் கதவில் மாட்டும். தாவணியும் இதே காரணத்தால் வேண்டாம், இருக்கிற பின்னெல்லாம் குத்தினாலும் படியில் ஏறும்போது முந்தி காலில் விழும்.

மேற்கத்திய உடைன்னா முழங்காலுக்குக் கீழே வர்ற கவுன், அகலமான தோள்பட்டை. ஒல்லி வார் நழுவும், ராத்திரி முழுக்க அதைத் தூக்கி விடுறதே வேலையாப் போகும். உள்ளே சைக்கிளிங் ஷார்ட்ஸ் கட்டாயம். மேல் தளத்தில் காத்து பலமா அடிக்கும்.

இந்த வயசில் மாதாமாதம் வர்றதும் ஆரம்பிக்கலாம், கடும்நிற உடுப்பு ஒண்ணு கூட இருக்கட்டும். வெள்ளை, வெளிர்மஞ்சள் மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க.

#16 தேம்ஸ்கரை

சப்பாத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை.

பெடியனுக்குக் கறுப்புப் பள்ளிச் சப்பாத்தைவிட நல்லது கிடையாது, மினுக்கினால் போதும். புதுசு வாங்கினால் வீட்டில மூண்டு நாலு நாளைக்கு ஒரு மணித்தியாலம் போட்டு நடக்க விடுங்கோ. பெருவிரலுக்கு முன்னால ஒரு சென்ரிமீற்றர் இடம் இருக்கவேணும். கப்பலில நடுக்கூடத்துத் தரை சில இடங்களில பளிங்கு மாதிரி வழுக்கும், புதுச் சப்பாத்தின் அடி வழுவழுப்பாக இருந்தால் மணல்தாளால குறுக்குமறுக்காக நாலு இழுவை இழுத்து விடுங்கோ.

பெட்டையளுக்குக் குதி உயர்ந்தது வேண்டாம், ஆடுற தரையில கணுக்கால் மடங்கும். மேலால ஒரு எலாஸ்டிக் பட்டி போகிற தட்டைச் சப்பாத்து. பட்டி இல்லாததெண்டால் படியில ஒண்டு கழண்டு கீழ்த்தளத்துக்குப் போயிடும். கடற்கரைக்குப் போட்ட செருப்பை இதுக்கும் போடலாம் எண்டு நினைக்காதேங்கோ. மணல் போகாது, வெள்ளைக் காலுறையில கறை பிடிக்கும்.

#17 ஊசிநூல்

கறைன்னதும் ஞாபகம் வருது. மேஜையில் நடக்கிறது பெரும்பாலும் மூணு: தக்காளிச் சாறு, சாக்லேட் அல்லது ஐஸ்க்ரீம், மஞ்சள். ராயல் கரீபியன் மெனுவில் இந்தியச் சைவ உணவும் இருக்கும், அதனால மஞ்சளும் வரும்.

எதுவா இருந்தாலும் தேய்க்காதீங்க. முதல்ல ஸ்பூன் விளிம்பால் வழிச்சு எடுக்கணும், அப்புறம் நாப்கினால் வெளியிலிருந்து உள்பக்கமா ஒத்தி எடுக்கணும். உள்ளேயிருந்து வெளியே போனா கறை பரவும். காட்டன், பாலியஸ்டருக்கு சோடா கேளுங்க, கொண்டு வந்து கொடுப்பாங்க. ஐஸ்க்ரீமில் பால் இருக்கு, சூடு தண்ணி ஊத்தினா கறை அப்படியே உக்காந்திடும், குளிர்ந்த தண்ணிதான்.

மஞ்சளுக்கு அங்கேயே சோப்பு போடாதீங்க, சிவப்பா மாறி எல்லாரும் பதறுவீங்க. ஒத்தி எடுத்துட்டு விடுங்க. ஊருக்கு வந்து துவைச்சு நல்ல வெயிலில் காயப் போட்டா மஞ்சள் மங்கி மங்கிப் போயிடும். பால்கனி ரெயிலிங்கில் காயப் போடுறேன்னு கிளம்பாதீங்க, அது கூடாது, காத்தும் கொண்டு போயிடும்.

பட்டில் எண்ணெய் பட்டா தண்ணியே காட்டக்கூடாது. பிள்ளைக்குப் போடுற பவுடரை மேலே தூவி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் தட்டி விடுங்க. எண்ணெயைப் பவுடர் இழுத்துக்கும், மிச்சத்தை ஊரில் டிரை கிளீனிங் பார்த்துக்கட்டும்.

தடுக்கிறதுதான் சுலபம். ரெண்டு பக்கமும் கிளிப் வச்ச சங்கிலி ஒண்ணு வாங்கிட்டா உணவுக்கூடத்துத் துணி நாப்கினையே கழுத்தில் மாட்டிடலாம். பெரிய நாப்கின், மடி வரைக்கும் மூடும். 6 வயசுக்காரனுக்கு பிப் கட்டினா வெட்கப்படுவான், இது பெரியவங்க மாதிரி இருக்கும். பாஸ்தாவில் நீளமானதைத் தவிர்த்து, குட்டைக் குழாய் வகையைக் கேளுங்க. நீளப் பாஸ்தாவை உறிஞ்சும்போதுதான் சட்டை முழுக்கப் புள்ளி விழும்.

#18 சின்னக்குடை

சாப்பாடு முடிஞ்சதும் பிள்ளைகள் கப்பலில் இருக்கிற சிறுவர் கிளப்புக்கு ஓடுவாங்க. அங்கே பெயின்ட், பசை, ஓட்டம். ஒரு டி-ஷர்ட், ஷார்ட்ஸ் கைப்பையில் வச்சுக்குங்க, உணவுக்கூடத்துக்குப் பக்கத்துக் கழிவறையிலேயே மாத்திடலாம். டிஸ்னியில் ரெண்டாவது பந்திப் பிள்ளைகளைப் பாதிச் சாப்பாட்டிலேயே மேஜைக்கு வந்து கிளப்புக்குக் கூட்டிட்டுப் போற ஏற்பாடு உண்டு, அங்கே போறவங்க முன்கூட்டியே மாத்துத்துணி கொண்டு வரணும்.

கூடவே ஒரு பிளாஸ்டிக் பை. கடல் கொஞ்சம் முரண்டு பிடிச்சா அது எதுக்குன்னு புரியும்.

#19 மூணுவால்

பையன் அப்பா மாதிரி வேட்டிதான் கட்டுவேன்னு அடம். சரியா வருமா? ஒட்டிக்கோ வேட்டி கிடைக்குது.

#20 தேக்காக்காரி

வரும். வெல்க்ரோ இடுப்புக்கு ஏத்த மாதிரி 5, 6 செ.மீ. தள்ளி ஒட்டுற அளவுக்கு நீளமா இருக்கணும், ஓரத்தில் மட்டும் இருந்தா வயிறு நிறைஞ்சதும் பிரிஞ்சிடும். உள்ளே கடும்நிறம் இல்லாத ஷார்ட்ஸ், வெள்ளை வேட்டிக்கு அடியில் நீலம் தெரியும். உயரம் கணுக்காலுக்கு மேல். பெட்டியில் வெல்க்ரோவை ஒட்டியே மடிச்சு வைங்க. திறந்து கிடந்தா பக்கத்தில் இருக்கிற பாவாடையோட பட்டு இழையை அதோட முள்ளு இழுத்துடும்.

#21 ஊசிநூல்

வெல்க்ரோவோட நிறுத்தாதீங்க அக்கா. அதுக்கு மேலே ஒரு பெல்ட்டும் போடச் சொல்லுங்க, சட்டை மூடிக்கும், வெளியே தெரியாது.

#22 மூணுவால்

பெல்ட் எழுதிக்கிட்டேன். காந்தக் கொக்கி நாலு, குட்டி ஹேங்கர் நாலு, கிளிப் சங்கிலி, அடாப்டர், துணிப்பூ. முதல் பந்திக்கு மாத்தச் சொல்லி எழுதிப் போட்டாச்சு. ஷ்ரக் ரெண்டு பெண்களுக்கும்.